அம்மாவுக்கு சுகர்: அரிசியை விட்டு கேவுருக்கு (கேழ்வரகு) மாறியும் இறங்கவில்லை, என்ன செய்யலாம்?

குடியாத்தத்தான்

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்காகக் கேட்கிறேன். வயது 54. பீடி சுற்றும் வேலை. காலையில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். போன முறை ரத்தம் எடுத்தபோது எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சுகர்) 8.9. வெறும் வயிற்றில் 168, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 270. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் எழுதிக் கொடுத்து, "சாப்பாட்டைப் பார்த்துக்கோங்க" என்றார் டாக்டர். எதைப் பார்ப்பது என்று கேட்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

தெருவில் எல்லாரும் சொன்னபடி அரிசியை அடியோடு நிறுத்திவிட்டார். காலையில் கேவுரு கூழ், மதியம் களி, ராத்திரி கேவுரு அடை. டீக்கு நாட்டுச்சர்க்கரை. இட்லியைக் கண்ணால் பார்ப்பதில்லை. நேற்று வீட்டு மீட்டரில் பார்த்தால் சாப்பிட்ட பிறகு 250க்கு மேல்தான் நிற்கிறது. "இவ்ளோ வாயைக் கட்டியும் இதானா?" என்று அம்மா மனசு விட்டுவிட்டார். எனக்கும் ஒன்றும் புரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வாலாஜா சிஸ்டர்

தம்பி, நான் சர்க்கரை நோய்ப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்த நர்ஸ். பதில் சொல்வதற்கு முன்னால் சில கேள்வி. கூழை எப்படிக் காய்ச்சுகிறீர்கள், நொய் போடுகிறீர்களா? ஒரு வேளைக்கு எவ்வளவு? தொட்டுக்கொள்ள என்ன? களி எத்தனை உருண்டை, குழம்பு எது? ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பாடு? வெட்கப்படாமல் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

குடியாத்தத்தான்

அம்மாவிடம் கேட்டு எழுதுகிறேன் சிஸ்டர். நொய் போடாமல் கூழ் ஏது? அரிசி நொய்யை வேகவைத்து, புளித்த கேவுரு மாவைக் கரைத்து ஊற்றிக் கிண்டுவதுதான் எங்கள் வீட்டு வழக்கம். காலையில் ஒரு பெரிய சொம்பு நிறைய மோர் விட்டுக் கரைத்துக் குடிப்பார். தொட்டுக்க வெங்காயம், மோர் மிளகாய். மதியம் களி இரண்டு உருண்டை, நல்ல பெரிய உருண்டைதான். குழம்பு பெரும்பாலும் கருவாடு, இல்லையென்றால் புளிக்குழம்பு. காய் தனியாகச் செய்வது குறைவு. ராத்திரி அடை மூன்று, பத்து மணி ஆகிவிடும். பீடிக் கட்டை எண்ணி வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவார்.

வாலாஜா சிஸ்டர்

இப்போது விஷயம் தெளிவாகிறது. அம்மா வாயைக் கட்டுகிறார், சந்தேகமே இல்லை. ஆனால் அரிசி போன இடத்தில் அதே அளவு மாவுச்சத்து வேறு பெயரில் வந்து உட்கார்ந்துவிட்டது.

கணக்கைப் பாருங்கள். 100 கிராம் தீட்டிய அரிசியில் மாவுச்சத்து 78 கிராம் அளவு. 100 கிராம் கேழ்வரகில் 67 கிராம் அளவு. பெரிய இடைவெளி இல்லை. நார்ச்சத்தில்தான் கேழ்வரகு ஜெயிக்கிறது: அரிசியில் 3 கிராம்கூட வராது, இதில் 11 கிராம். கால்சியமும் அதிகம். நல்ல தானியம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதை நைசாக அரைத்து, குழையக் காய்ச்சி, அரிசி நொய்யையும் சேர்த்து, மெல்லாமல் ஒரு சொம்பு குடித்தால் வயிற்றில் தங்குவதற்கு என்ன இருக்கிறது? மளமளவென்று சர்க்கரையாகி ரத்தத்தில் ஏறிவிடும். கூட வெங்காயமும் மிளகாயும் மட்டும்தான். பருப்பு இல்லை, காய் இல்லை, முட்டை இல்லை. தடுத்து நிறுத்த ஆளே இல்லை.

நாட்டுச்சர்க்கரையை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். கருப்பட்டி, தேன், வெல்லம் எல்லாம் சர்க்கரைதான். "நாட்டு" என்று முன்னால் போட்டதால் ரத்தத்துக்கு வித்தியாசம் தெரியாது.

கூழை அடியோடு விட வேண்டாம். நம் வெயிலுக்கு அது இல்லாமல் முடியுமா? நொய்யை எடுத்துவிடுங்கள், சொம்பை டம்ளர் ஆக்குங்கள். அதற்கு முன்னால் ஒரு கிண்ணம் வேகவைத்த காராமணியோ கொண்டைக்கடலையோ, அல்லது ஒரு முட்டை. களி ஒரு சின்ன உருண்டை போதும், ஆனால் கீரைக் கடைசல் ஒரு கரண்டிக்குப் பதில் ஒரு கிண்ணம். மோர் மிளகாயையும் கருவாட்டையும் தினமும் வைத்தால் உப்பு ஏறும். பிபி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஜவ்வாது அடிவாரம்

சிஸ்டர் சொல்வதில் பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சிறுதானியத்தை இப்படிச் சொன்னால் ஜனங்கள் மறுபடி பாலிஷ் அரிசிக்கே போய்விடுவார்கள் என்று பயமாக இருக்கிறது. நாங்கள் போளூர் பக்கம். மலையில் விளையும் சாமையைத்தான் வீட்டில் சமைக்கிறோம். எங்கள் அப்பாவுக்கு சுகர் வந்து ரொம்ப வருஷம் ஆகிறது, சாமைச் சோறுதான் அவரைக் காப்பாற்றுகிறது. குடியாத்தத்தார் கேவுருவை விட்டு சாமைக்கு மாறட்டும்.

வாலாஜா சிஸ்டர்

அண்ணா, சிறுதானியத்துக்கு நான் எதிரி இல்லை. உங்கள் அப்பா சாமைச் சோற்றோடு என்ன சாப்பிடுகிறார், எவ்வளவு சாப்பிடுகிறார், கழனியில் எவ்வளவு நடக்கிறார் என்று சொல்லுங்கள். பலன் அத்தனையிலும் சேர்ந்துதான் வந்திருக்கும். இன்னொன்று, கடையில் பாக்கெட்டில் வரும் சாமை பெரும்பாலும் வெள்ளை வெளேரென்று தீட்டியது. தவிடு போய்விட்டால் அதுவும் அரிசி மாதிரிதான். மங்கலான நிறத்தில், தவிட்டோடு இருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும்.

ஜவ்வாது அடிவாரம்

அது உண்மை. மலையில் குத்தி எடுப்பது பழுப்பாக இருக்கும், டவுனில் விற்பது பளிச்சென்று இருக்கும். அப்பா சோற்றைவிட மொச்சைக் குழம்பில் இருக்கும் மொச்சையைத்தான் அதிகம் சாப்பிடுவார், அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த வயதிலும் மாட்டை ஓட்டிக்கொண்டு மைல் கணக்கில் நடக்கிறார்.

ஆம்பூர் அக்கா

சிஸ்டர் கணக்கு சொல்லிவிட்டார், நான் அடுப்பங்கரையைச் சொல்கிறேன். எங்கள் வீட்டுக்காரருக்கும் இதே கதைதான்.

தட்டில் சோறு வைத்துவிட்டுக் காயை ஓரத்தில் வைப்பது நம் பழக்கம். நான் அதைத் திருப்பினேன். முதலில் காய் வரும், பாதித் தட்டு. கத்தரிக்காயோ அவரைக்காயோ சுரைக்காயோ அன்றைக்கு எது மலிவோ அது. அப்புறம் பருப்போ முட்டையோ மீனோ. இரண்டையும் பாதி சாப்பிட்ட பிறகுதான் சோற்றைக் கொண்டுவருவேன், அதுவும் ஒரு கப். முதலில் ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டார். பிறகு வயிறு நிறைந்துபோய் சோற்றை அவரே மிச்சம் வைக்க ஆரம்பித்தார். என்ன சாப்பிடுகிறோம் என்பதை மாற்றாமல் எதை முதலில் சாப்பிடுகிறோம் என்பதை மாற்றினாலே சாப்பிட்ட பின் வரும் சுகர் குறைகிறது என்று வெளிநாட்டில் ஆய்வே செய்திருக்கிறார்களாம்.

காசு அதிகம் ஆகுமோ என்று தம்பி யோசிக்க வேண்டாம். ரேஷன் துவரம்பருப்பு, கொள்ளு, காராமணி, முருங்கைக்கீரை, முட்டை, இது போதும். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் கிடைக்கும் இடத்தில் இருந்துகொண்டு காய்க்கு அலைய வேண்டுமா? அதற்கு 2023இல் புவிசார் குறியீடே கொடுத்துவிட்டார்கள். எண்ணெயில் மிதக்க விடாமல் கொஞ்சம் எண்ணெயில் வதக்கி, வறுத்த மல்லாட்டையை (வேர்க்கடலை) பொடித்துத் தூவி இறக்குங்கள். அம்மாவுக்குக் கண்டிப்பாகப் பிடிக்கும்.

வாணியம்பாடி பாய்

அக்கா சொன்ன வரிசை எங்களுக்கு பிரியாணியிலேயே உதவுகிறது. கல்யாண சீசனில் வாரம் ஒரு பிரியாணி இல்லாமல் இங்கே இருக்க முடியாது, உறவு விட்டுப்போகும். நான் செய்வது இதுதான்: முதலில் தயிர் வெங்காயம், கத்தரிக்காய், அப்புறம் கறித்துண்டு, கடைசியில் சீரகச் சம்பா ஒரு கரண்டி. இனிப்புத் தட்டை பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளிடம் தள்ளிவிடுவேன். ஆற்காடு மக்கன் பேடா எனக்கு உயிர், இப்போது ஒன்றை நாலு பேர் பங்கு போட்டுச் சாப்பிடுகிறோம்.

நோன்பு வைப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே டாக்டரைப் பாருங்கள். மாத்திரை வேளையையும் அளவையும் அவர்தான் மாற்றித் தர வேண்டும். நோன்புக் கஞ்சியும் அரிசிதான், பேரீச்சம்பழமும் இனிப்புதான். ஒரு பழத்தோடு திறந்து, கஞ்சியை ஒரு சின்னக் கிண்ணத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். சுகர் 70க்குக் கீழே போனால் நோன்பை உடனே திறந்துவிட வேண்டும், உயிரைக் காப்பாற்றுவது மார்க்கம் அனுமதித்ததுதான்.

மூலிகைப் பிரியன்

இவ்வளவு கஷ்டம் எதற்கு? சிறுகுறிஞ்சான் பொடி, நாவல்கொட்டைப் பொடி, வெந்தயம், காலையில் பாகற்காய் சாறு. ஒரு மண்டலம் எடுத்தால் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடலாம். ஆங்கில மாத்திரை கிட்னியைக் கெடுக்கும்.

சத்துவாச்சாரி ரிடையர்டு

ஐயா, நான் லேப் டெக்னீஷியனாக வேலை செய்து ஓய்வு பெற்றவன். மாத்திரை கிட்னியைக் கெடுத்தது என்று சொல்லி வருகிறவர்களின் பழைய ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தால் வருஷக்கணக்கில் சுகர் 300இல் இருந்திருக்கும். கிட்னியைக் கெடுப்பது அந்த 300தான். வெந்தயத்தில் நார்ச்சத்து இருக்கிறது, ஊறவைத்துச் சாப்பிடுங்கள், தப்பில்லை. பாகற்காயைப் பொரியலாகச் சாப்பிடுங்கள், ரொம்ப நல்லது. ஆனால் பெயர் தெரியாத பொடியை மாத்திரையோடு சேர்த்தால் சுகர் ஒரேயடியாக இறங்கலாம். சில பொடிகளில் சுகர் மாத்திரையையே இடித்துக் கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. எதை எடுத்தாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டு எடுங்கள். மாத்திரையைத் தூக்கி எறியச் சொல்வதை மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். யாரோ ஒரு அம்மா இதைப் படித்துவிட்டுச் செய்துவிடுவார்.

குடியாத்தம் தம்பிக்கு: வீட்டில் மீட்டர் இருக்கிறது, அதை நன்றாகப் பயன்படுத்துங்கள். ஸ்ட்ரிப் விலை தெரியும், தினமும் குத்த வேண்டியதில்லை. வாரம் ஒருநாள் ஒரு வேளைச் சாப்பாட்டைத் தேர்ந்தெடுங்கள். சாப்பிடுவதற்கு முன்னால் ஒன்று, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. சொம்புக் கூழுக்கு எவ்வளவு ஏறுகிறது, டம்ளர் கூழும் காராமணியும் சேர்ந்தால் எவ்வளவு ஏறுகிறது என்று அம்மா தன் கண்ணாலேயே பார்ப்பார். நூறு பேர் சொல்வதைவிட அது மனசில் பதியும். பொதுவாக சாப்பிட்ட பிறகு 180க்குள், வெறும் வயிற்றில் 80இலிருந்து 130க்குள் என்பது இலக்கு. அம்மாவின் வயதுக்கும் உடம்புக்கும் டாக்டர் வேறு சொன்னால் அதுதான் கணக்கு.

குத்துவதற்கு முன்னால் சோப்புப் போட்டுக் கை கழுவித் துடைக்க வேண்டும். மாம்பழம் நறுக்கிய கையோடு குத்தினால் மீட்டர் பழத்தைத்தான் அளக்கும். பீடி சுற்றும் கை என்பதால் தூள் ஒட்டியிருக்கும், நன்றாகத் தேய்த்துக் கழுவட்டும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வேலைக்கு வலி இருக்காது. வீட்டு மீட்டரில் 15 சதவீதம் வரை முன்னே பின்னே வரும். பத்துப் புள்ளி ஏறியதற்கெல்லாம் கலங்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று, அம்மாவுக்கு ஹீமோகுளோபின் எவ்வளவு? இரும்புச்சத்து குறைந்து ரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். நம் பெண்களுக்கு இதைப் பார்க்காமல் விடவே கூடாது.

குடியாத்தத்தான்

ஐயா, ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். ஹீமோகுளோபின் 9.2. இதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. அடுத்த முறை போகும்போது கேட்கிறேன்.

இன்னொரு விஷயம். நேற்று கிருத்திகை. அம்மா விரதம் என்று காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை, மாத்திரையை மட்டும் தண்ணீரில் விழுங்கியிருக்கிறார். பதினோரு மணிக்குக் கை நடுங்கி, வேர்த்து, கண் இருட்டிக்கொண்டு வந்துவிட்டது. பக்கத்து வீட்டு அத்தை டீ போட்டுக் கொடுத்து உட்கார வைத்தார். பசி மயக்கம் என்றார்கள். சுகர் அதிகமாகி வந்ததா?

வாலாஜா சிஸ்டர்

தம்பி, இதை முதலில் படியுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். அது பெரும்பாலும் சுகர் இறங்கி வந்தது. கிளிமிபிரைடு கணையத்தைப் பிடித்து இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. உள்ளே சாப்பாடு இல்லாவிட்டாலும் அது தன் வேலையைச் செய்துவிடும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இப்படி ஆவது அரிது. இந்த மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருக்கவே கூடாது.

மறுபடி நடுக்கம், வேர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, பேச்சுக் குழறல் எது வந்தாலும் மீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால், அல்லது பார்க்க நேரமில்லை என்றாலும், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். இதற்கு வெள்ளைச் சர்க்கரைதான் மருந்து. 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறிய பிறகு இட்லியோ சோறோ கொடுங்கள். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். 108ஐக் கூப்பிடுங்கள்.

நாங்கள் சொன்னபடி சாப்பாட்டு அளவைக் குறைக்க ஆரம்பித்தால் சுகர் இறங்கும். அப்போது பழைய அளவு மாத்திரை அதிகமாகிவிடலாம். அதனால் இந்த வாரமே டாக்டரிடம் போய், "சாப்பாட்டை மாற்றப் போகிறோம், நேற்று இப்படி ஆனது" என்று சொல்லி மாத்திரையைச் சரி செய்துகொள்ளுங்கள். நீங்களாகக் குறைக்க வேண்டாம். விரதம் இருக்க ஆசைப்பட்டால் பழமும் சுண்டலும் சாப்பிட்டு இருக்கலாமா, அன்றைக்கு மாத்திரை எப்படி என்று அதையும் கேளுங்கள்.

ஷூ கம்பெனி ராணிப்பேட்டை

அம்மா நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லையே. நானும் தையல் மிஷினில் உட்கார்ந்தவன், டார்கெட் முடியாமல் எழுந்திருக்க முடியாது. சுகர் வந்த பிறகு டாக்டர் எனக்குச் சொன்னது, காலையில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு மிச்ச நேரம் எல்லாம் உட்கார்ந்திருப்பது போதாது, அரை மணிக்கு ஒருமுறையாவது எழுந்திரு என்று. நான் தண்ணீர் பாட்டிலைச் சின்னதாக வாங்கினேன், நிரப்புவதற்காகவே எழுந்து போவேன். மதியம் சாப்பிட்டதும் கேட் வரை போய் வருவேன், பத்து நிமிஷம். சாப்பிட்ட உடனே நடந்தால் தசை சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. மீட்டரில் பார்த்தாலே வித்தியாசம் தெரிகிறது.

அம்மா இலையை நனைப்பது, கட்டை எடுத்து வைப்பது இதற்கெல்லாம் மற்றவரை ஏவாமல் அவரே எழுந்திருக்கட்டும். மூன்று வேளையும் சாப்பிட்ட பிறகு தெருவில் ஒரு சுற்று. முட்டி வலி என்றால் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து, பத்து முறை. தொடைத் தசைக்கு அது நல்ல வேலை.

ராத்திரிச் சாப்பாட்டையும் பத்து மணியிலிருந்து எட்டுக்குக் கொண்டுவாருங்கள். சாப்பிட்ட பிறகு மிச்ச பீடிக் கட்டை எண்ணிக்கொள்ளலாம்.

காட்பாடி பையன்

குறுக்கே புகுந்ததற்கு மன்னிக்கவும். எங்கள் மாமாவுக்கு 38 வயது, போன வருஷம்தான் சுகர் கண்டுபிடித்தார்கள், எடை 96 கிலோ. வீடியோவில் "டயாபடீஸ் முழுசாக குணமாகும்" என்கிறார்கள். அவர் சோற்றை ஒரு பருக்கைகூடத் தொடாமல் கறியும் முட்டையுமாக இருக்கிறார். நிஜமாகவே குணமாகுமா?

சத்துவாச்சாரி ரிடையர்டு

குணம் என்று டாக்டர்கள் சொல்வதில்லை, தணிவு என்கிறார்கள். மாத்திரை இல்லாமல் குறைந்தது மூன்று மாதம் எச்பிஏ1சி 6.5க்குக் கீழே நின்றால் அந்தப் பெயர். அது நடக்கக்கூடியதுதான். ஸ்காட்லாந்திலும் வடகிழக்கு இங்கிலாந்திலும் நடந்த டைரக்ட் ஆய்வு 2017இல் வந்தது. நோய் வந்து ஆறு வருஷத்துக்குள் இருந்த, பருமனான ஆட்களுக்குச் சில மாதம் நாளைக்கு 850 கலோரி அளவில் திரவ உணவு மட்டும் கொடுத்தார்கள். ஒரு வருஷ முடிவில் 46 சதவீதம் பேருக்குத் தணிந்தது. 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு. ஆனால் இரண்டாம் வருஷ முடிவில் 46 என்பது 36 ஆகிவிட்டது. எடை திரும்பினால் சுகரும் திரும்புகிறது. உங்கள் மாமாவுக்கு வயதும் எடையும் பார்த்தால் நல்ல வாய்ப்பு இருக்கிறது, கண்டிப்பாக முயலட்டும்.

ஆனால் டாக்டர் பார்வையில். சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரை, பெயர் "கிளிஃப்ளோசின்" என்று முடியும், அதை எடுத்துக்கொண்டே சோற்றை அடியோடு நிறுத்தினால் ரத்தத்தில் அமிலம் ஏறி ஆபத்தாகலாம், சுகர் சாதாரணமாகக் காட்டும்போதே. மாமா என்ன மாத்திரை எடுக்கிறார் என்று இன்றே பாருங்கள்.

குடியாத்தம் அம்மாவுக்கு 850 கலோரி எல்லாம் வேண்டாம். ரத்தசோகையும் இருக்கிறது, உட்கார்ந்து உழைக்கவும் வேண்டும்.

குடியாத்தத்தான்

டாக்டரைப் பார்த்துவிட்டோம். கிளிமிபிரைடைப் பாதியாகக் குறைத்தார், இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை ஐயா சொன்னபடி செய்தோம். பழைய மாதிரி ஒரு சொம்பு: முன்னால் 142, பின்னால் 251. அடுத்த ஞாயிறு நொய் இல்லாத ஒரு டம்ளர் கூழ், காராமணி ஒரு கிண்ணம், முட்டை ஒன்று, அப்புறம் கெங்கையம்மன் கோயில் வரை ஒரு நடை: முன்னால் 138, பின்னால் 186. அம்மா மீட்டரை வாங்கித் தானே இன்னொரு முறை பார்த்தார். "மாத்திரையைக் குறைச்சும் இறங்கியிருக்கே" என்றார்.

அம்மாவுக்கு ஒரு ஆசை. வருகிற பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் போக வேண்டுமாம், வழக்கம்போல வெறும் காலோடு. நடை நல்லதுதானே, கூட்டிப் போகலாமா?

வாலாஜா சிஸ்டர்

186 ரொம்ப நல்ல முன்னேற்றம், அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

கிரிவலம் 14 கிலோமீட்டர். இப்போது தெருவில் ஒரு சுற்று நடப்பவர் நேராக அதற்குப் போகக்கூடாது, அடுத்தடுத்த பௌர்ணமிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் கால் பரிசோதனை ஒன்று செய்யுங்கள். சுகர் பிரிவில் மெல்லிய நைலான் இழையை வைத்துப் பாதத்தில் குத்திப் பார்ப்பார்கள், உணர்ச்சி இருக்கிறதா என்று. உணர்ச்சி குறைந்திருந்தால் வெறும் காலில் நடக்கவே கூடாது, கல் குத்தியதும் தெரியாது, புண் வந்ததும் தெரியாது. உணர்ச்சி நன்றாக இருந்தாலும் தடிமனான பருத்திச் சாக்ஸ் போட்டு நடக்கட்டும், சாமி கோபித்துக்கொள்ளாது. சாயங்காலம் வெயில் தணிந்த பிறகு கிளம்புங்கள், தார்ச்சாலை சுடும். சாப்பிட்டுவிட்டு நடக்க வேண்டும், மடியில் சர்க்கரைப் பொட்டலமும் மீட்டரும் இருக்கட்டும், பாதி வழியில் ஒருமுறை பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் விரல் இடுக்கு வரை கழுவித் துடைத்து, நீங்களே டார்ச் அடித்துப் பாருங்கள். கொப்புளம் இருந்தால் உடைக்காமல் மறுநாளே காட்டுங்கள்.

அப்படியே கண் விழித்திரைப் பரிசோதனையும், சிறுநீரில் ஆல்புமின் டெஸ்ட்டும் வருஷத்துக்கு ஒருமுறை. அப்புறம் தம்பி, அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு அதிகம். உங்களுக்கு எத்தனை வயது, வயிற்றுச் சுற்றளவு 90 செண்டிமீட்டரைத் தாண்டிவிட்டதா? வெறும் வயிற்றில் ஒருநாள் நீங்களும் ரத்தம் கொடுத்துப் பார்த்து இங்கேயே எழுதுங்கள்.